எல்டிபிஇ ரோலில் டைன் பேனா 38 காட்டுகிறது, ஆனாலும் மை டேப்போடு வந்துவிடுகிறது. கோளாறு படலத்திலா, மையிலா?

ரோல்_பிரஸ்
நாலு கலர் ஃப்ளெக்ஸோ (வளையும் தகட்டு அச்சு), சால்வென்ட் (கரைப்பான்) மை. 50 மைக்ரான் எல்டிபிஇ (குறை அடர்த்திப் பாலித்தீன்), கேரி பை வேலை. ரோல் வந்தபோது சப்ளையர் சான்றிதழில் 42 டைன் (திரவம் படலத்தில் பரவி நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லும் மேற்பரப்பு அளவு). குடோனில் நாலு வாரம் இருந்தது. இப்போது பேனாவில் 38 காட்டுகிறது. மை நன்றாகப் பரவுகிறது, ஓரம் சுருங்கவில்லை, புள்ளிப் புள்ளியாகப் பிரியவும் இல்லை. டேப் ஒட்டி இழுத்தால் சிவப்பும் நீலமும் பாதிக்கு மேல் வந்துவிடுகிறது, வெள்ளை மட்டும் கொஞ்சம் தங்குகிறது. மைக்காரர் ரோலைக் குறை சொல்கிறார், ரோல்காரர் மையைக் குறை சொல்கிறார். எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

மைக்கலவை
முதலில் ஒன்றைப் பிரித்துவிடுவோம் சார். மை பரவுவது வேறு, பிடிப்பது வேறு. உங்கள் மையில் இருக்கும் கரைப்பான்களைப் பாருங்கள்: ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 22 மில்லிநியூட்டன் அளவு, எத்தில் அசிடேட் 24 அளவு, டொலுவின் 28.5. (1 டைன்/செ.மீ. என்பதும் 1 மில்லிநியூட்டன்/மீட்டர் என்பதும் ஒரே அளவு. இனி வெறும் எண்ணாகவே எழுதுகிறேன்.) ஒன்றுமே செய்யாத பாலித்தீனின் பரப்பு ஆற்றல் 31 பக்கம். அதாவது கொரோனா (படலத்தின் மேற்பரப்பில் உயர் மின்னழுத்தம் பாய்ச்சிப் பதப்படுத்துவது) ஓடாத ரோலில்கூட உங்கள் மை அழகாகப் பரவும். பரவியதை வைத்து ரோல் சரி என்று சொல்லவே முடியாது.

கரைப்பான் பறந்தபின் மிஞ்சுவது ரெசின், நிறமியைப் படலத்தோடு ஒட்டவைக்கும் பிசின். பாலித்தீன் வெறும் கார்பன்-ஹைட்ரஜன் சங்கிலி. ரெசின் கைகோக்க அதில் எதுவும் இல்லை. கொரோனா அந்தச் சங்கிலியில் ஆக்சிஜனை ஏற்றி ஹைட்ராக்சில், கார்பனைல், கார்பாக்சில் போன்ற முனைகளை உண்டாக்குகிறது. பிடிப்பு அங்கேதான் வருகிறது. தண்ணீர் மை என்றால் நிலைமை வேறு: கொரோனா போதாவிட்டால் மெஷினிலேயே மை சுருண்டு தெரிந்துவிடும். சால்வென்ட் மை அந்த எச்சரிக்கையைத் தராது.

மூன்று விவரம் வேண்டும். ரோலில் ஸ்லிப் (சறுக்கலுக்காகச் சேர்க்கும் பொருள்) எவ்வளவு? குடோன் எவ்வளவு சூடு? டேப் டெஸ்ட் அச்சடித்த உடனேயா, மறுநாளா?

எக்ஸ்ட்ரூடர்
பை வேலைக்கான படலம் என்றால் ஸ்லிப் இல்லாமல் இருக்காது. வாய் திறக்கவும் மெஷினில் சறுக்கிப் போகவும் எருக்கமைடு போடுவார்கள், வழக்கமாக 500 முதல் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). இது பாலித்தீனில் முழுசாகக் கரைந்து நிற்காது. ரோல் ஆறியபின் உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும். சறுக்கல் வருவதே இப்படி வெளியே வருவதால்தான், அதனால் இதைக் குறை என்றும் சொல்ல முடியாது.

எவ்வளவு வரும் என்று கணக்குப் போடலாம். 50 மைக்ரான் படலம், அடர்த்தி 0.92. ஒரு சதுர மீட்டருக்கு 46 கிராம். 1000 பிபிஎம் என்றால் 46 மில்லிகிராம் எருக்கமைடு, பக்கத்துக்குப் பாதி என்றால் 23. எருக்கமைடு மூலக்கூறுகள் நெருக்கமாகச் செங்குத்தாக நின்றால் ஒன்றுக்கு 0.2 சதுர நானோமீட்டர் அளவு இடம் பிடிக்கும். அப்படி ஒரே ஒரு அடுக்கு மூட 3 மில்லிகிராம்கூட வேண்டாம். ஆக ஒரு பக்கத்தை ஏழெட்டு அடுக்கு மூடும் சரக்கு உள்ளே இருக்கிறது. எல்லாமே வெளியே வராது, ஆனால் மூடுவதற்குத் தாராளம். அதே பிபிஎம்மில் 25 மைக்ரான் படலம் என்றால் சரக்கும் பாதி. தடிமனான ரோலில் இந்தத் தொல்லை அதிகம் என்று பிரஸ்காரர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அமைடு தலைகள் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பில் சேர்ந்துகொள்ளும், நீண்ட கொழுப்பு வால் காற்றைப் பார்க்கும். கொரோனா ஏற்றிய ஆக்சிஜன் அப்படியே அடியில் இருக்கும், மேலே மெழுகுப் போர்வை. உங்கள் மை அந்தப் போர்வையில்தான் ஒட்டியிருக்கிறது. டேப் மையைப் போர்வையோடு எடுத்துக்கொண்டு போகிறது.

ரோல்_பிரஸ்
ஸ்லிப் 1000 என்றுதான் சொன்னார்கள். குடோன் தகரக் கூரை, மதியம் 40 டிகிரிக்குக் குறையாது. டேப் ஒரு மணி நேரத்திலும் பார்த்தோம், மறுநாளும் பார்த்தோம். மறுநாள் கொஞ்சம் தேவலை, ஆனாலும் வருகிறது.
ஆனால் போர்வை மூடியிருந்தால் பேனா 38 எப்படிக் காட்டும்? 32 அல்லவா காட்ட வேண்டும்?

சொட்டுமானி
நல்ல கேள்வி. பேனா உண்மையில் எதை அளக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

பேனா பரப்பு ஆற்றலை அளப்பதில்லை. தெரிந்த இழுவிசை கொண்ட ஒரு திரவம் 2 விநாடி பிரியாமல் நிற்கிறதா என்று மட்டும் சொல்கிறது. ஏஎஸ்டிஎம் டி2578 முறையில் அந்தத் திரவம் ஃபார்மமைடும் எத்தில் செல்லோசால்வும் கலந்தது. 38 எண்ணுக்கு கன அளவில் 54 சதவீதம் ஃபார்மமைடு, 46 சதவீதம் செல்லோசால்வ். 34க்கு 26.5 சதவீதம் ஃபார்மமைடு போதும், 42க்கு 71.5 வேண்டும். மேலே கிடக்கும் ஸ்லிப் இந்தத் திரவத்தில் கொஞ்சம் கலந்தாலே திரவத்தின் இழுவிசை இறங்கிவிடும். 38 என்று எழுதிய திரவம் அந்த இடத்தில் 35 ஆகவோ 36 ஆகவோ நடந்துகொள்ளும், எளிதில் நனைக்கும், நீங்கள் 38 என்று எழுதிக்கொள்வீர்கள். அதே நுனி அடுத்த ரோலிலும் படுவதால் பேனா நாளுக்கு நாள் தாராளமாகிக்கொண்டே போகும்.

முறையாகச் செய்ய வேண்டுமானால் பேனா வேண்டாம், பாட்டில் திரவமும் புதுப் பஞ்சுக்குச்சியும் எடுங்கள். ஒரு குச்சி ஒரு தடவைதான், திரும்பப் பாட்டிலில் முக்கக் கூடாது. ஒரு சதுர அங்குல அளவுக்கு மெல்லிசாகத் தடவுங்கள். குளமாகத் தேங்கினால் கனத்தாலேயே நிற்கும். நடுப்பகுதியைப் பாருங்கள், ஓரம் சுருங்குவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். 2 விநாடிக்கு மேல் நின்றால் அடுத்த எண், அதற்குள் உடைந்தால் முந்தைய எண். ரோலின் குறுக்கே இடது, நடு, வலது மூன்று இடத்திலும் பாருங்கள். ஃபார்மமைடு ஈரத்தை உறிஞ்சும், மூடி திறந்தே இருந்த பாட்டிலை நம்ப வேண்டாம். அது கருவுக்குத் தீங்கு செய்யும் பொருள் என்பதால் கையுறை கட்டாயம், கர்ப்பிணிகள் இந்த வேலையைத் தொடவே கூடாது.

இப்போது முக்கியமான சோதனை. அதே ரோலில் ஒரு கையகல இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, பஞ்சிழை உதிராத துணியால் ஒரே திசையில் இரண்டு முறை துடையுங்கள், ஒவ்வொரு முறையும் துணியின் புதுப் பக்கம். ஐந்து நிமிடம் உலரட்டும். துடைத்த இடம், துடைக்காத இடம் இரண்டிலும் அதே மையை வயர் பாரால் (மையைச் சீரான கனத்தில் பரப்பும், கம்பி சுற்றிய தடி) இழுத்து, உலர்த்தி, டேப் போடுங்கள். துடைத்த இடத்தில் மட்டும் பிடித்தால் குற்றவாளி ஸ்லிப் போர்வை. இரண்டிலும் உரிந்தால் கொரோனாவே போதவில்லை, அல்லது மை.

மைக்கலவை
அந்தச் சோதனையோடு இதையும் சேருங்கள்: கொரோனா நன்றாக ஏறியது என்று உறுதியாகத் தெரிந்த, ஸ்லிப் இல்லாத ஒரு படலத்திலும் அதே மையை இழுங்கள். அதிலும் உரிந்தால் ரோல்காரரை விட்டுவிடலாம். மறுநாள் கொஞ்சம் தேவலை என்கிறீர்கள். அது மைக்குள் தங்கிய கரைப்பான் மெல்ல வெளியேறுவதைக் காட்டுகிறது. வெள்ளை மட்டும் தங்குவதற்கு அதன் ரெசின்-நிறமி விகிதமும் காரணமாக இருக்கலாம், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ரோல்_பிரஸ்
துடைத்த இடத்தில் டேப்பில் ஒரு புள்ளிகூட வரவில்லை. துடைக்காத இடம் பழைய கதைதான். ஸ்லிப் இல்லாத படலத்திலும் பிடிக்கிறது. மை தப்பித்தது.

சொட்டுமானி
அப்படியானால் விஷயம் தெளிவு. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஆல்கஹால் துடைப்பு ஸ்லிப்பை மட்டும் எடுக்காது, அளவுக்கு மீறிக் கொரோனா ஓட்டியதால் உதிர்ந்து கிடக்கும் துண்டுகளையும் எடுத்துவிடும். இந்த இரண்டாவது கோளாறைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

கொரோனாவில் சங்கிலி ஆக்சிஜன் ஏற்பதோடு உடையவும் செய்யும். பவரை ஏற்றிக்கொண்டே போனால் உடைந்த, ஆக்சிஜன் நிறைந்த குட்டி மூலக்கூறுகள் மேலே சேரும். அவற்றுக்கு அடியிலுள்ள பாலிமரோடு பிணைப்பு இல்லை. டைன் திரவம் அவற்றின் மேல் அழகாக நிற்கும், 46, 48 என்று காட்டும். மை ஒட்டுவதோ அந்தத் தளர்ந்த தூசிப் படிவில். எண் ஏறியிருக்கும், பிடிப்பு இறங்கியிருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். வாலை வடிநீர், 5 மைக்ரோலிட்டர் சொட்டு, பக்கவாட்டில் பார்த்துச் சேர்கோணத்தை (சொட்டின் விளிம்பு படலத்தோடு சேரும் கோணம்) அளவுங்கள். பிறகு படலத்தை வாலை வடிநீரில் அரை நிமிடம் அலசி, காற்றில் உலர்த்தி, மறுபடி அளவுங்கள். கொரோனா இல்லாத பாலித்தீனில் கோணம் 95 முதல் 105 வரை இருக்கும். நன்றாக ஏறியதில் 65 முதல் 75 வரை. அலசுமுன் 58, அலசியபின் 80 என்று தாவினால் நீங்கள் ஏற்றியதில் பெரும்பகுதி தண்ணீரோடு போகிற சரக்கு. ஓரிரண்டு பாகை மாறினால் கவலையில்லை.

எங்கே மாற்றம் நடக்கிறது என்று எண்ணாகப் பார்க்க விரும்பினால் பரப்பு ஆற்றலை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: எல்லாப் பொருளுக்கும் பொதுவான சிதறல் பங்கு, முனைவுள்ள தொகுதிகள் தரும் முனைவுப் பங்கு. அதற்கு இரண்டு திரவம் வேண்டும்: தண்ணீர் (மொத்தம் 72.8, அதில் சிதறல் பங்கு 21.8, முனைவுப் பங்கு 51), டைஅயோடோமீத்தேன் (50.8, முழுக்கச் சிதறல் பங்கு). ஓவன்ஸ்-வெண்ட் 1969இல் தந்த முறையில் கணக்குப் போட்டால்:

கொரோனாவுக்கு முன்: தண்ணீர் 100°, டைஅயோடோமீத்தேன் 53°. சிதறல் பங்கு 32.6, முனைவுப் பங்கு 0.2.
பின்: தண்ணீர் 70°, டைஅயோடோமீத்தேன் 48°. சிதறல் பங்கு 35.4, முனைவுப் பங்கு 8.7.

மொத்தம் 33இலிருந்து 44 ஆனது பெரிய விஷயமில்லை. முனைவுப் பங்கு பூஜ்யத்திலிருந்து ஒன்பதை நெருங்கியதுதான் ரெசினைப் பிடிக்கிறது. பேனா இந்த இரண்டையும் குழைத்து ஒரே எண்ணாகத் தருகிறது.

மைக்கலவை
இதோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஷிஃப்ட்டில் ரோல் மாற்ற பதினைந்து நிமிடம் கிடைக்கும். அதற்குள் டைஅயோடோமீத்தேன் யார் சொட்டுவது? அது விலையும் அதிகம், வெளிச்சத்தில் அயோடின் பிரிந்து நிறம் மாறும், அப்புறம் அதன் அளவும் தப்பு. பாட்டில் டைன் திரவத்தை முறையாகப் பயன்படுத்தினால் பிரஸ் தளத்துக்குப் போதும். ஒரே சப்ளையர், ஒரே கிரேடு, ஒரே நாள் கணக்கு என்று வைத்துக்கொண்டு நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிடுவதுதான் அதன் வேலை.

சொட்டுமானி
ஒப்பிட மட்டும் என்றால் சரி, அதில் மறுப்பில்லை. என் ஆட்சேபம் '38 இருந்தால் ஓட்டலாம்' என்று அதை வாயில்காப்போனாக வைப்பதில்தான். டைஅயோடோமீத்தேன் ஆய்வகத்துக்கு, தளத்துக்குத் தண்ணீர்ச் சொட்டு ஒன்றே போதும். தண்ணீர்தான் முனைவுப் பங்குக்கு அதிகம் அசைந்துகொடுக்கிற திரவம், விஷமும் இல்லை.

மூன்றாமாண்டு_பாலிமர்
சேர்கோணம் அளக்கும் கருவி எங்கள் கல்லூரியில் இல்லை. போன் கேமராவில் முடியுமா?

சொட்டுமானி
முடியும். படலத்தைக் கண்ணாடித் தகட்டில் சுருக்கமில்லாமல் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள், விரல் பட்ட இடத்தை விட்டுவிடுங்கள். பின்னால் டிரேசிங் தாள் ஒட்டிய எல்இடி விளக்கு, முன்னால் மேக்ரோ லென்ஸ் மாட்டிய போன். லென்ஸ் படலத்தின் மட்டத்துக்கு இருக்க வேண்டும், ஓரிரு பாகை மேலிருந்து பார்த்தால் போதும். அதற்கு மேல் சாய்ந்தால் அடிக்கோடு ஏமாற்றும். சொட்டின் பிம்பம் படலத்தில் தெரியுமே, சொட்டும் பிம்பமும் சந்திக்கும் மூலைகள்தான் அடிக்கோட்டின் முனைகள். சொட்டைத் தூக்கிப் போடக் கூடாது: மைக்ரோபிப்பெட் நுனியில் தொங்கவிட்டு, படலத்தைத் தொட வைத்து, நுனியை விலக்குங்கள். பத்து விநாடிக்குள் படம் எடுங்கள், ஆவியாகத் தொடங்கினால் கோணம் குறைந்துகொண்டே வரும்.

படத்தில் சொட்டின் உயரத்தையும் அடியகலத்தையும் அளவுங்கள். கோணம் = 2 × ஆர்க்டேன் (2 × உயரம் ÷ அடியகலம்). உயரம் 1.0 மி.மீ., அடியகலம் 2.6 மி.மீ. என்றால் 75 பாகை. இந்தச் சூத்திரம் சொட்டை உருண்டையின் ஒரு துண்டாக எடுத்துக்கொள்கிறது, அதனால் சொட்டு சின்னதாக இருக்க வேண்டும். தண்ணீருக்கு ஈர்ப்பு விசை தலைகாட்டும் அளவு 2.7 மி.மீ. பக்கம், 5 மைக்ரோலிட்டருக்கு மேல் போனால் சொட்டு தட்டையாகி கோணம் குறைவாக வரும். குறைந்தது ஐந்து இடத்தில் அளந்து சராசரியோடு அதிகபட்ச விலகலையும் எழுதுங்கள். இடத்துக்கு இடம் பத்துப் பாகை ஆடினால் அதுவே ஒரு செய்தி: கொரோனா சீராக இல்லை, அல்லது சிலிக்கோன் பட்டிருக்கிறது.

பாலிஹவுஸ்_கொடி
இடையில் வருவதற்கு மன்னிக்கவும், இதே படலச் சங்கதிதான். பாலிஹவுஸ் கூரையின் உள்பக்கம் காலையில் சொட்டுச் சொட்டாக நின்று செடிமேல் விழுகிறது. முதல் பருவத்தில் இப்படி இல்லை. படலம் கெட்டுவிட்டதா?

எக்ஸ்ட்ரூடர்
உங்கள் படலத்தில் சொட்டுத் தடுப்புச் சேர்மானம் போட்டிருப்பார்கள், பெரும்பாலும் கிளிசரால் எஸ்டர் வகை. அதுவும் எருக்கமைடு மாதிரியே உள்ளிருந்து வெளியே வருகிற சரக்கு, ஆனால் முனைவுத் தலை வெளியே தெரிவதால் தண்ணீரைப் பரப்பும். நீர் சொட்டாக நிற்காமல் தாளாகப் பரவிச் சரிவில் வழியும். வழியும்போது அந்தச் சேர்மானத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டே போகும். உள்ளே இருப்பு தீர்ந்தால் அந்தக் குணமும் தீர்ந்தது. படலம் கிழியாமல் இன்னும் பல மாதம் நிற்கும். சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துக் கழுவினால் இன்னும் சீக்கிரம் போகும், அதைச் செய்யாதீர்கள். இன்னொன்று: பல அடுக்குப் படலத்தில் இந்தச் சேர்மானம் ஒரு பக்க அடுக்கில் மட்டும் இருக்கலாம். உள்பக்கம் எது என்று ஓரத்தில் அச்சிட்டிருப்பார்கள். திருப்பிப் போட்டால் முதல் நாளே சொட்டும்.

சொட்டுமானி
சரிவைக் கூட்டினால் போதுமா என்று அடுத்துக் கேட்பீர்கள், அதற்கும் கணக்கு உண்டு. சாய்ந்த பரப்பில் நிற்கும் சொட்டுக்குக் கீழ்முனையில் கோணம் பெரிது, மேல்முனையில் சிறிது. அந்த இரண்டு கோணங்களின் கொசைன் வித்தியாசம் × நீரின் இழுவிசை × சொட்டின் அகலம், இதுதான் சொட்டைப் பிடித்துவைக்கும் விசை. 10 மைக்ரோலிட்டர் சொட்டு, 3 மி.மீ. அகலம், கோணங்கள் 110°, 90° என்று வையுங்கள். பிடிக்கும் விசை 75 மைக்ரோநியூட்டன், சொட்டின் எடை 98. சரிவு 50 பாகையை எட்டினால்தான் நகரும். மேல்முனைக் கோணம் 100° ஆக இருந்தால் 22 பாகையிலேயே ஓடிவிடும்.

ஆக, சொட்டு நகர்வதைத் தீர்மானிப்பது கோணம் பெரிதா சிறிதா என்பதல்ல, இரண்டு முனைக் கோணங்களுக்கும் உள்ள இடைவெளி. தூசி, உரத் தெளிப்பின் உப்பு, பாசி எல்லாம் அந்த இடைவெளியை அகலப்படுத்தும். உங்கள் கூரைச் சரிவு 50 பாகை இருக்க வாய்ப்பில்லை. எனவே தாளாகப் பரவச் செய்வதுதான் வழி: சொட்டுத் தடுப்புத் திரவத்தை உள்பக்கம் தெளித்து ஒரு பருவம் ஓட்டலாம், அதற்கு மேல் படலத்தை மாற்றுவது உசிதம்.

ரோல்_பிரஸ்
என் பிரச்சினைக்கு வருகிறேன். இன்னும் 11 ரோல் இருக்கிறது. எல்லாவற்றையும் ஆல்கஹாலால் துடைக்க முடியாது. பிரஸ்ஸில் இன்லைன் கொரோனா (அச்சு ஓட்டத்திலேயே ஓடும் யூனிட்) இருக்கிறது, 1 கிலோவாட், இதுவரை ஓட்டியதில்லை. ரோல் அகலம் 80 செ.மீ. எவ்வளவு வைப்பது?

எக்ஸ்ட்ரூடர்
வாட்டை அகலத்தாலும் வேகத்தாலும் வகுங்கள். வேகம் நிமிடத்துக்கு 60 மீட்டர் என்றால்: 1000 ÷ (0.8 × 60) = சதுர மீட்டருக்கு 20.8 வாட்-நிமிடம். 120 மீட்டர் வேகத்தில் ஓட்டினால் அதுவே 10.4. புதுப் படலத்துக்கு 10 முதல் 15 வழக்கம். ஸ்லிப் வெளியே வந்த படலத்துக்கு 20க்கு மேல் வேண்டியிருக்கும். அதனால் இந்த 11 ரோலையும் 60 மீட்டரில், முழுப் பவரில் ஓட்டிப் பாருங்கள். ஓட்டிய உடனே அச்சு விழ வேண்டும். கொரோனா போட்டுச் சுற்றிவைத்து நாளை அடிக்கலாம் என்றால் ஸ்லிப் திரும்ப மேலே வந்துவிடும்.

பல நாள் ஓடாத யூனிட் என்பதால் முதலில் பவரை அணைத்து, பூட்டி, எலெக்ட்ரோடில் படிந்த வெள்ளைப் பொடியைத் துடையுங்கள். படலத்துக்கும் எலெக்ட்ரோடுக்கும் இடைவெளி 1.5 முதல் 2 மி.மீ., இரண்டு ஓரத்திலும் ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் அகலமானால் அந்தப் பக்கம் ஏறாது. ரோலரின் சிலிக்கோன் உறையில் ஊசித்துளை இருந்தால் அந்த ஒரே இடத்தில் பொறி அடித்துப் படலம் ஓட்டையாகும். புகைபோக்கி ஓடாமல் சுவிட்ச் போடவே கூடாது, வருவது ஓசோன், வேலையிடத்தில் 0.1 பிபிஎம் தாண்டக் கூடாது.

மைக்கலவை
நிப் ரோலர் (படலத்தை அழுத்திப் பிடிக்கும் உருளை) அழுத்தத்தையும் பாருங்கள். படலத்துக்கும் ரோலருக்கும் நடுவே காற்று புகுந்தால் பின்பக்கமும் கொரோனா ஏறும். பிறகு சுற்றிய ரோலில் ஒரு சுற்றின் மை அடுத்த சுற்றின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். பின்பக்கத்தில் 34 திரவம் தடவுங்கள், 2 விநாடிக்குள் உடைய வேண்டும். உடையாமல் நின்றால் காற்று புகுகிறது.

முதல் 50 மீட்டரை வெட்டி எடுத்து, மறுநாள் டேப்பும் பார்த்தபிறகே மற்ற ரோல்களை ஏற்றுங்கள். டேப்பை ஒரு முறை மெதுவாக, ஒரு முறை வெடுக்கென்று இழுங்கள். மெதுவாக இழுக்கும்போது நின்று வெடுக்கென்றால் வருகிற மையும் உண்டு.

ரோல்_பிரஸ்
60 மீட்டர், முழுப் பவர். பின்பக்கம் 34 உடைகிறது. மறுநாள் டேப் இரண்டு விதமாகவும் சுத்தம். தண்ணீர்ச் சொட்டு ஓட்டுமுன் 91, ஓட்டியபின் 69, அலசியபின் 72.
அடுத்த ஆர்டருக்கு சப்ளையரிடம் என்ன எழுதிக் கேட்பது?

எக்ஸ்ட்ரூடர்
'42 டைன்' என்று மட்டும் எழுதாதீர்கள், அது ரோல் இறங்கிய நிமிடத்து எண். அச்சுப் பக்கம் உருவாக்கும்போதே கொரோனா ஏறியிருக்க வேண்டும், அப்போது விட்டதைப் பின்னால் ஈடுகட்டுவது கடினம். ஸ்லிப் 500க்குள், ஓலியமைடு கூடாது (அது எருக்கமைடைவிடச் சீக்கிரம் வெளியே வரும்). தயாரித்த தேதி ரோலின் மேல் இருக்க வேண்டும். தயாரித்த 15ஆம் நாள் பாட்டில் திரவத்தில் மூன்று இடத்திலும் 38க்குக் குறையக் கூடாது. பைக்கு அவ்வளவு சறுக்கல் வேண்டுமென்றால் மூன்று அடுக்குப் படலமாகக் கேட்டு, அச்சுப் பக்க அடுக்கில் ஸ்லிப்பே போட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆனாலும் நாளடைவில் மற்ற அடுக்கிலிருந்து கொஞ்சம் இடம்பெயரும், ரோல் சுற்றில் முதுகிலிருந்து முகத்துக்கும் ஒட்டும், எனவே இன்லைன் கொரோனாவை இனி அணைக்காதீர்கள்.